வளவைத் திறந்துவிட்ட ஆச்சிக்கும் மீன் பெட்டி கொடுத்த அப்பாவுக்கும்

சிவமயம்

காரைக்குடி,
8 ஜூன் 2025

மே மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஆச்சி வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், வந்து உட்கார்ந்து பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டவர்களுக்கும், வர முடியாமல் பலகாரத் தூக்கை மட்டும் கொடுத்தனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

அன்றைக்கே மேடையில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். முதலாவது, மேடை என்று ஒன்று இல்லை. இரண்டாவது, கடைசி உருப்படி முடிந்ததும் பாம்பன் தீவுப் பிள்ளைகளை ராத்திரி ரயிலுக்கு அனுப்பும் அவசரத்தில் நான் நன்றியை மறந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த மடல்.

வாசித்தவர்கள் முப்பத்தொரு பேர். பதினேழு பேர் நம் பக்கம்: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர். பதினான்கு பேர் பாம்பன் தீவிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் தங்கச்சிமடம். பதினோரு வயலின், ஆறு புல்லாங்குழல், நாலு மிருதங்கம், மூன்று கீபோர்டு, ஒரு கடம், ஒரு கஞ்சிரா. மிச்சப் பேர் பாட்டு. நோட்டீஸில் 'சிறுவர் வாத்திய கோஷ்டி' என்று போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற தமிழய்யா ஒருவர், "சங்கப் பாட்டிலேயே பல்லியம் என்று சொல் இருக்கும்போது கோஷ்டி எதற்கம்மா, ஏதோ கட்சி கோஷ்டி மாதிரி" என்று கோபித்துக்கொண்டார். அடுத்த நோட்டீஸில் மாற்றிவிடுகிறோம் ஐயா. திட்டிவிட்டுப் பத்து பாய் வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்கும் சேர்த்து நன்றி.

தீவில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் 2022 கோடையில் முதன்முதலாகப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. மாதா கோவில் பாடகர் குழுவில் இருக்கிற பத்து வயதுப் பையன் கீபோர்டில் இரண்டு கையும் வைத்து வாசிக்கிறான். பஞ்சம் பஸ்ஸுக்குத்தான். அரசு இசைப்பள்ளி ராமநாதபுரத்தில் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பள்ளிக்கூடம் விட்டுப் போய், கற்றுக்கொண்டு, திரும்பி வந்து எந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதும்? அதனால் பிள்ளைகள் இங்கே வருவதற்குப் பதில், மாதம் இரண்டு சனிக்கிழமை நாங்கள் அங்கே போவது என்று முடிவு செய்தோம்.

அந்த வருஷம் டிசம்பரில், 1914-லிருந்து நின்ற பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். எல்லா ரயிலும் பாலத்துக்கு இக்கரையில் மண்டபம் ஸ்டேஷனோடு சரி. அங்கே இறங்கி, இரண்டு மிருதங்கத்தையும் நாலு வயலினையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ரோட்டுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஒரு கண்டக்டர் மிருதங்கத்துக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். இன்னொருவர், "உள்ளே என்ன தம்பி, பலாப்பழமா?" என்று கேட்டுவிட்டு, தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைக்க இடம் கொடுத்தார். இந்த ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலம் திறந்து ரயில் மறுபடி கடலைத் தாண்டும் வரை, இரண்டேகால் வருஷம் இப்படித்தான் ஓடியது. அந்த இரண்டேகால் வருஷமும் சனிக்கிழமை காலையில் மண்டபம் ஸ்டேஷனுக்கு ஆட்டோவோடு வந்து நின்று, ஒருநாள்கூடப் பேரம் பேசாத அண்ணனுக்கு முதல் நன்றி. உங்கள் மகள் இப்போது வர்ணம் வாசிக்கிறாள். அன்றைக்கு நீங்கள் முன் வரிசையில் உட்காராமல் நடைவாசலிலேயே நின்றதைப் பார்த்தேன்.

இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் காரைக்குடியில் சேர்ந்து வாசிக்கிற இந்த நாலு நாள் பயிற்சியைக் கோடையில் வைத்ததற்குப் பள்ளி விடுமுறை மட்டும் காரணமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பாமார்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. காசு இல்லாத நாளில் பிள்ளையை வெளியூர் அனுப்பச் சொல்கிறோமே என்று எனக்குக் கூச்சம். ஒரு அப்பாதான் தேற்றினார்: "தடைக்காலத்துல எங்களுக்கும் வலை பின்றதத் தவிர வேற வேல இல்ல டீச்சர். நானே கூட்டிட்டு வர்றேன்."

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலோரத்தில் வயலினுக்குப் பெரிய எதிரி உப்புக்காத்து. இங்கே ஆறு மாதம் தாங்குகிற தந்தி அங்கே ஆறு வாரத்தில் துருப்பிடித்து விரலைக் கீறும். ஈரத்தில் பிரடை (தந்தியை முறுக்குகிற முளை) ஊதி இறுகிவிடும், திருப்பினால் அசையாது. நாங்கள் வாங்கிக் கொடுத்த துணி உறை எதற்கும் ஆகவில்லை. அந்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? மீன் ஏற்றுமதிக்கு ஐஸ் போட்டு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி, அதில் புதிதாக ஒன்று எடுத்து, மகளின் முக்கால் அளவு வயலின் அசையாமல் உட்காருகிற மாதிரி உள்ளே பழைய லுங்கியை மடித்துத் தைத்து, மூலையில் வறுத்த அரிசியை ஒரு சிறு பையில் கட்டி வைத்துவிட்டார். மூடியைச் சுற்றி டேப். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தேன், தந்தி பளபளவென்று இருந்தது. இப்போது தீவில் ஏழு வயலினும் மீன் பெட்டியில்தான் தூங்குகின்றன. ரயிலில் வரும்போது எதிர் இருக்கைக்காரர் விடாமல், "என்ன மீனும்மா? விலைக்குக் குடுப்பியா?" என்று கேட்டிருக்கிறார். பாப்பா திறந்து காட்டிவிட்டு, காரைக்குடி வரும் வரை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

வெனிசுவேலாவின் கராகஸ் நகரத்தில் 1975-ல் அப்ரேயு என்பவர் ஒரு கார் கொட்டகையில் பதினோரு பேரை வைத்துத் தொடங்கிய சிறுவர் இசைக்குழு நாடு முழுக்கப் பரவிய கதையை உற்சாகம் குறையும்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்வேன். எங்களுக்குக் கார் கொட்டகைகூட இல்லாமல் போகும் போல இருந்தது. நிகழ்ச்சிக்குப் பேசி வைத்திருந்த விழா மண்டபத்துக்காரர்கள் மூன்று நாள் முன்னால், வேறு விசேஷம் வந்துவிட்டது என்றார்கள். அவர்களுக்கு நன்றி கிடையாது. ஆனால் அவர்கள் மறுத்ததால்தான் ஆச்சி வீட்டுச் சாவி கைக்கு வந்தது.

ஆச்சி, உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள், போடவில்லை. வருஷத்தில் இரண்டு விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீட்டை நாலு நாள் திறந்துவிட்டீர்கள். முகப்பில் மிருதங்கம், வளவில் வயலின், இரண்டாங்கட்டில் குழல் என்று பிரித்து உட்கார வைத்தால் ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு இடைஞ்சலில்லை. வளவில் எல்லோரும் சேர்ந்து வாசித்தபோதுதான் அதிசயம்: மேலே திறந்த வானம், சுற்றிலும் தேக்குத் தூண். சத்தம் முட்டித் திரும்பவும் இல்லை, காணாமல் போகவும் இல்லை. வாடகைக்கு எடுத்த மைக்கை நாங்கள் பிரிக்கவே இல்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தீவுப் பையன்கள் சறுக்கி விளையாடியதையும் நீங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டீர்கள்.

நீங்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "தமிழிசைச் சங்கம் வச்ச ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தான்காரரு. இந்த மண்ணுல தமிழ்ல ஒண்ணு வாசிக்காம எந்திரிக்கக் கூடாது." ஒன்றுக்கு இரண்டாகத் தேவாரம் வாசித்தோம்.

பக்கத்து ஊர்க் கோயில் நாகஸ்வர வித்வான் ஐயாவை நினைக்காமல் முடிக்க முடியாது. கீபோர்டின் சுருதி ஒரு கட்டை, அவர் வாத்தியத்தின் சுருதி அதைவிட உயர்ந்த இரண்டு கட்டை. பிள்ளைகளை மாற்றச் சொல்லலாமா என்று நான் தயங்கி நின்றபோது, ஒரு பயல் கீபோர்டில் பட்டனை இரண்டு தடவை அமுக்கிச் சுருதியை ஏற்றிவிட்டான். ஐயா அசந்துபோய்ச் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நான் சின்னப் பிள்ளையில இதுக்கு வாங்குன அடி கொஞ்சமில்ல" என்று சிரித்தார். காரைக்குடி வீணைச் சகோதரர்களில் அண்ணன் வீணையை நிறுத்தி வைத்து வாசிப்பார், தம்பி படுக்க வைத்து வாசிப்பார் என்று அவர் சொன்னதிலிருந்து, வயலினை நிறுத்தி வைத்து வாசித்துப் பார்க்க ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது.

சமையல் செய்த அக்காமார்களுக்கு: வெள்ளைப் பணியாரம் ஒரு நாளைக்கு முந்நூறு. "மீன் எப்ப டீச்சர் வரும்?" என்று நாலு நாளும் கேட்டவர்களை மன்னித்துவிடுங்கள். கோயில் மாலை போட்ட வீட்டில் கேட்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாது.

செட்டிநாட்டில் கணக்கு ஒப்பிக்காமல் நன்றி சொன்னால் ஏற்கமாட்டார்கள். வரவு 48,300 ரூபாய். ரயில், வேன் 11,450, சாப்பாடு 19,200, தந்தி, வில்லுக்குப் பூசுகிற ரோசின், மிருதங்கம் வார் பிடித்தது 9,860, தலையணை, ஜமக்காளம் வாடகை 3,000, நோட்டீஸ் 1,800. மீதி 2,990 ரூபாய் கையிருப்பு. மைக் செட் தம்பி வாடகையே வாங்கவில்லை.

வளவில் விட்டுப்போனவை: நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, ஜி சுருதிப் புல்லாங்குழல் ஒன்று, 'சந்தியாகப்பர் துணை' என்று எழுதிய தெர்மாகோல் மூடி ஒன்று. மூடி இல்லாமல் பெட்டி எப்படி ஊர் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. ஜூன் 21 சனிக்கிழமை நான் வரும்போது கொண்டுவருகிறேன். அதுவரை வயலினை ஜன்னலோரம் வைக்காதே பாப்பா.

அன்புடன்,
வயலின் டீச்சர்