இழுவைமடிச் சோதனையைச் சேலம் மீன் சந்தை வரை நீட்டிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடல் மீன் வியாபாரிகள், கோழித்தீவனம் அரைப்போர்,
சேலம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை, சென்னை.
(வழி: மாவட்ட ஆட்சித் தலைவர், சேலம்)

பொருள்: இழுவைமடியால் (படகு கடலடியில் இழுத்துச் செல்லும் பை வலை) கடலடி சிதைவதைக் கட்டுப்படுத்துதல், மீன் இறங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் அளவு பார்த்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடலே இல்லாத சேலத்துக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். கரையில் இறங்கும் சங்கராவும் கணவாயும் ஐஸ் பெட்டியில் இரவோடு இரவாக இங்கே வருகின்றன. விலைபோகாத சங்காயம் (மடியில் சேர்ந்து வரும் குஞ்சும் கழிவு மீனும்) காய்ந்து, அரைபட்டு, சேலம், நாமக்கல் தீவன மூட்டைக்குள் போகிறது. இங்கே வாங்க ஆள் இருக்கும்வரை அங்கே சின்னக் கண்ணி (வலைத் துளை) மடிக்கு வேலை இருக்கும்.

மடியின் வாயை விரிப்பவை இரண்டு பலகைகள். இரும்பு லாடம் அடித்த தட்டைப் பலகை சேற்றை உழுதுகொண்டே போகும். படகிலிருந்து மடியை இழுக்கும் கம்பியை நீளமாக விட்டால் பலகையின் பாரம் தரையில் இன்னும் அழுந்தும். இறாலைக் கிளப்பக் கீழ்க்கயிற்றில் கட்டும் சங்கிலி, கடற்புல்லை வேரோடு வாரும். கிளம்பிய சேறு பக்கத்துப் புல்லின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். பாக் விரிகுடாவில் 2022இல் அறிவிக்கப்பட்ட 448 சதுர கி.மீ. கடற்பசு காப்பகத்தின் உயிரே அந்தப் புல்தான்.

கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுக்கக் கூடாது, மடிப்பையின் (மீன் சேரும் வால்பகுதி) கண்ணி 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் வைர வடிவக் கண்ணி பாரம் ஏறியதும் நீண்டு மூடிக்கொள்ளும். அளவுகோலில் 40 காட்டினாலும் குஞ்சுக்கு வழி கிடைக்காது. சதுரக் கண்ணி இழுபடும்போதும் திறந்தே நிற்கும். எனவே மடிப்பைக்கு 40 மி.மீ. சதுரக் கண்ணியையே கட்டாயமாக்க வேண்டும். உள்ளே சின்னக் கண்ணித் துணிவலை செருகும் தந்திரம் தனி. மடிப்பையைப் பிரித்து வேறொன்றைக் கட்டச் சற்று நேரம் போதும் என்பதால், துறைமுகத்தில் காய்ந்த வலையை அளப்பதில் பயன் குறைவு.

வலையை மாற்றலாம், கூடையில் விழுந்த சங்கராவின் நீளத்தை மாற்ற முடியாது. கேரளம் குறைந்தபட்ச அளவு வைத்து மீனையே அளக்கிறது; சங்கராவில் ஒரு வகைக்கு அங்கே 12 செ.மீ. நமக்கும் அப்படியோர் அட்டவணை வேண்டும். இறங்குதளத்தில் எந்தப் படகுக்கூடை என்று எழுதிக்கொண்டு, கைக்கு வந்த ஐம்பது மீனை அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தால் போதும். அதே பலகையைச் சேலம் மொத்த ஏலக் களத்திலும் வைக்கலாம். செலவு ஒரு மரப்பலகையும் ஒரு ஆளும்தான்.

படகில் டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் கருவி) பொருத்துவது நல்லது. அந்தப் பதிவைப் படிக்கவும் ஆள் வேண்டும். ஓட்டத்தில் 7, 8 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகம் போகும் படகு, மடி இறக்கினால் 2 முதல் 4 நாட்டுக்கு இறங்கும். 5 கடல் மைலுக்குள் இந்த வேகம் மணிக்கணக்கில் நீடித்தால் அது இழுவைதான்.

தீவனத்தைப் பற்றி எங்கள் தரப்பையே சொல்கிறோம். ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் ஆகும். மணலில் காய்ந்த சங்காயத்தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், அடியில் மணல் தங்கும். உப்பு மிகுந்தால் கோழிக்கு எச்சம் நீராகப் போகும். சோயாப் புண்ணாக்குடன் மெத்தியோனின், லைசின் சேர்த்து அந்தப் புரதத்தை ஈடுகட்ட முடியும். ஆகவே மீன்தூள் மூட்டையில் எந்த இறங்குதளம், என்ன மீன் என்ற சீட்டைக் கட்டாயமாக்குங்கள். எங்களில் சிலருக்கு இது கசக்கும், இருந்தாலும் கேட்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை மீனுக்கு உதவும், தரைக்குப் போதாது. தடை முடிந்ததும் எல்லா மடிப் பலகையும் அதே தடத்தில் ஏறுகிறது. புல் உள்ள இடங்களை ஆண்டு முழுவதும் மூட வேண்டும். மற்ற இழுவைத் தடங்களில் சிலவற்றை முறைவைத்து முழு ஆண்டு ஓய்வில் விடலாம்.

படகுக்காரரைத் தெருவில் நிறுத்தச் சொல்லவில்லை. இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாற 2017இல் தொடங்கிய பாக் விரிகுடா மாற்றுத் திட்டத்தில், 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு உரிமையாளர் 10 விழுக்காட்டைக் கைக்காசாகவும் 20 விழுக்காட்டை வங்கிக்கடனாகவும் சுமக்க வேண்டியிருந்தது. அந்தப் பங்குக்கே திணறுவோருக்கு, தட்டைப் பலகைக்குப் பதிலாக வி-வடிவப் பலகையும் சதுரக் கண்ணி மடிப்பையும் மானியத்தில் கொடுத்தால் முதல் படியாவது ஏறுவார்கள்.

முதற்கட்டமாக, சேலம் ஏலக் களத்தில் அளவுப் பலகை வைத்து மூன்று மாதம் சோதிக்க உத்தரவிடும்படி வேண்டுகிறோம். பலகையை நாங்களே செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
சேலம்