பெட்ரோலில் எத்தனால்: அளவைச் சொல்லி விற்க என்ன தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 சதவீதம் எத்தனால் (கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் எரிசாராயம்) கலந்த பெட்ரோலைப் பற்றி 2025 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய பேச்சு இன்னும் அடங்கவில்லை. டீக்கடையிலும் ஒர்க்‌ஷாப்பிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் அது இரண்டே விதமாகத்தான் நடக்கிறது. "வண்டி இன்ஜின் போச்சு" என்று ஒரு சாரார் அலறுகிறார்கள். "நாட்டு நலனுக்காக இதைக்கூடப் பொறுத்துக்கொள்ள மாட்டீர்களா" என்று மறு சாரார் கடிந்துகொள்கிறார்கள். எத்தனால் கலப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கலந்த அளவை வாங்குபவருக்குச் சொல்லாமல், விலையையும் குறைக்காமல், பழைய வண்டிக்காரருக்கு வேறு வழியும் வைக்காமல் விற்பது முறையல்ல. அதிலும், இப்படிச் செய்ய வேண்டாம் என்று அரசின் சொந்த அறிக்கையே ஆலோசனை கூறியிருக்கும்போது முறையே அல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் அலறுகிறவர்களின் பக்கம். எங்கள் தெருவில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் கடையில் அண்மையில் ஒரு சோதனை நடந்தது. அளவுக்கோடு போட்ட குழந்தைப் பால்புட்டி ஒன்றில் 100 மில்லி பெட்ரோல் ஊற்றி, அதில் 10 மில்லி தண்ணீர் சேர்த்து, குலுக்கிச் சற்று நேரம் வைத்தார்கள். அடியில் தெளிவாகப் பிரிந்து நின்ற நீர்ப்பகுதி கிட்டத்தட்ட 30 மில்லி இருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் உடனே கைப்பேசியில் படம் பிடித்து, "பெட்ரோலில் பாதி தண்ணீர்" என்று அனுப்பிவிட்டார். உண்மையில் அங்கே நடந்தது, பெட்ரோலோடு கலந்திருந்த எத்தனால் தண்ணீரைக் கண்டதும் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டதுதான். கூடுதலாகத் தெரிந்த 20 மில்லி தண்ணீரல்ல, எத்தனால். பங்க் உரிமையாளர் மோசடி செய்ததற்கு இது சான்றாகாது. பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும் எளிய அளவீடு, அவ்வளவே. அந்தப் படம் எத்தனை பங்க்குகளில் சண்டையைக் கிளப்பியிருக்கும் என்று நினைத்தால் அங்கே குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை எண்ணிப் பரிதாபப்படத்தான் தோன்றுகிறது.

ஆனால் அதே சோதனை இன்னொன்றையும் காட்டுகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோல் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் அந்தத் தண்ணீர் மட்டும் அடியில் தங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலோ சிறிது ஈரத்தைத் தனக்குள் கரைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பெரிய அடுக்காக அடியில் இறங்கிவிடும். வண்டி எரிபொருளை இழுப்பது டேங்கின் அடியிலிருந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பங்க்கின் நிலத்தடித் தொட்டிக்குள் கசிவு ஏற்பட்டாலோ, வண்டியின் டேங்க் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, முன்பு சமாளிக்கக்கூடியதாக இருந்த சங்கடம் இப்போது வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிடும். ஆகவே மக்களின் பயம் முழுவதும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

மைலேஜ் விஷயமும் இப்படித்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். எனவே 10 சதவீதக் கலப்பிலிருந்து 20 சதவீதத்துக்கு மாறும்போது லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி மூன்றரை சதவீதம் அளவுக்குக் குறையும். மாதம் 3,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவருக்குச் சுமார் 100 ரூபாய் இழப்பு. எத்தனாலில் சக்தியே கிடையாது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும்கூட இந்த மாற்றத்தால் 11 சதவீதத்துக்கு மேல் குறைய வழியில்லை. எனவே, மைலேஜ் 30 சதவீதம் விழுந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் டயரில் காற்றையும் ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கார்பரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோலுக்கும் காற்றுக்கும் உள்ள விகிதம் மாறுகிறது. சென்சார் வைத்த புதிய வண்டிகள் அதற்கேற்பத் தாமே சரிசெய்துகொள்ளும். துளையின் அளவு மாறாத கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை. இருசக்கர வாகனங்களில் பெருவாரியாக கார்பரேட்டர் மறைந்தது 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகுதான். அதற்கு முந்தைய வண்டிகள் எத்தனை இன்னும் ஓடுகின்றன என்பதை அறிய நாமக்கல் பேருந்து நிலையத்தின் எதிரில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

இவை எதுவும் அரசுக்குத் தெரியாதவை அல்ல. 2021 ஜூன் மாதம் வெளியான, 2020-25 ஆண்டுகளுக்கான, மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை இதையெல்லாம் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டு 10 சதவீதத்துக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதமும், அவ்வகை இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையும் என்று அது மதிப்பிட்டது. இருசக்கர வாகனங்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையும் என்ற நன்மையையும் அதே அறிக்கைதான் சொன்னது. அதோடு நிற்காமல், எரிசக்தி குறைவதை ஈடுகட்டும் வகையில் கலப்புப் பெட்ரோலின் சில்லறை விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும், பழைய வண்டிகளின் பாதுகாப்புக்காக 10 சதவீதக் கலப்பு தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இந்த அறிக்கையிலிருந்து இலக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2030 என்றிருந்த கெடுவை 2025-26 என்று முன்னே இழுத்து, அதையும் எட்டிவிட்டார்கள். வாங்குபவரின் பக்கம் நின்ற இரண்டு பரிந்துரைகளும் தாளிலேயே தங்கிவிட்டன.

விலை பற்றிக் கேட்டபோது பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் ஒரு விளக்கம் தந்தது. அறிக்கை எழுதப்பட்ட காலத்தில் எத்தனால் மலிவாக இருந்தது என்றும், இப்போது அதன் சராசரிக் கொள்முதல் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 32 காசாக உயர்ந்து சுத்திகரித்த பெட்ரோலின் விலையையே தாண்டிவிட்டது என்றும் அது கூறியது. விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதன் பொருள், குறைந்த சக்தியுள்ள சரக்கை நாம் அதே விலைக்கு வாங்குகிறோம், அதனால் வரும் செலவு நம் தலையில்தான் என்பது. அந்நியச் செலாவணி மிச்சமாவதும் கரும்பு விவசாயிக்குப் பணம் போய்ச் சேர்வதும் நல்ல நோக்கங்கள்தாம். அவற்றுக்கான செலவில் ஒரு பகுதியை வரியைக் குறைத்து அரசு ஏற்கலாம் என்பதும் அறிக்கையில் உள்ள யோசனையே. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் வரியின் பங்கு எவ்வளவு என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டிவரலாம், அது மலிவான வேலைதான் என்றும் அமைச்சகம் சொன்னது. மலிவு என்பது யாருடைய கணக்கில் என்று தினமும் மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவரிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

இனி அளவைச் சொல்லும் விஷயம். பங்க்கில் வடிகட்டித்தாள் சோதனை கேட்க நமக்கு உரிமை உண்டு. ஐந்து லிட்டர் அளவுக்குடுவையில் பிடித்துக்காட்டச் சொல்லலாம். அடர்த்தியைச் சரிபார்க்கச் சொல்லலாம். இந்த மூன்றில் எதுவும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று சொல்லாது. எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்த பங்க்குகளில் அன்றைய விலை பெரிய எழுத்தில் ஒளிர்கிறது, அடர்த்தியும் எழுதியிருக்கிறது, ரசீதில் வண்டி எண்கூட வருகிறது, எத்தனால் அளவு மட்டும் எங்கும் இல்லை. பிஸ்கட் பொட்டலத்தில் எந்த எண்ணெய் சேர்ந்திருக்கிறது என்று அச்சிடச் சொல்லும் நாட்டில் இது விந்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபர் முதல் பெட்ரோல் குழாயிலும் புதிய வண்டியின் டேங்க் மூடியிலும் ஒரே மாதிரியான வட்டக் குறி போட்டு, உள்ளே எழுதியிருப்பது இ5 என்றோ இ10 என்றோ ஒத்துப்போனால் நிரப்பிக்கொள் என்று வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீதத்துக்கு மாறியபோது, பழைய கார்களுக்காக 5 சதவீதக் கலப்பை விலை கூடிய ரகத்தில் விட்டுவைத்தது. தங்கள் கார் தாங்குமா என்று பார்க்க அரசே இணையத்தில் வசதி செய்தது. நம் அமைச்சர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பிரேசில் 2025 ஆகஸ்டில் 30 சதவீதத்துக்கே போய்விட்டது. ஆனால் அங்கே எந்த விகிதத்தில் ஊற்றினாலும் ஓடும் வண்டிகள் 2003 முதல் விற்பனையில் உள்ளன. தனி எத்தனால் வேறு குழாயில் வேறு விலையில் கிடைக்கிறது. அது பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல் என்று ஓட்டுநர்கள் மனக்கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். பிரேசிலின் சதவீதத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தக் குழாய்களையும் காட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவர்களை அரசுத் தரப்பு நடத்திய விதமும் வருத்தம் தருகிறது. இது தமக்கு எதிராகப் பணம் கொடுத்து நடத்தப்படும் பிரசாரம் என்றார் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. கொள்கை முடிவு அரசுடையது, அதை நீதிமன்றம் மாற்ற மறுப்பதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் மனு தள்ளுபடியாகிவிட்டதால் கேள்வியும் தள்ளுபடியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். தகவல் இல்லாத இடத்தில்தான் பால்புட்டிப் படம் பரவுகிறது. இந்தப் பெட்ரோல் போட்டால் வண்டியின் காப்பீடு செல்லாது என்ற வதந்தியும் அப்படித்தான் பரவியது, அமைச்சகம் மறுப்பு வெளியிட நேர்ந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. கோழித் தீவனத்துக்கு வந்துகொண்டிருந்த மக்காச்சோளத்தை எத்தனால் ஆலைகளும் கேட்பதால் பண்ணையாளர்கள் விலையேற்றத்தைப் பற்றிப் புலம்புகிறார்கள். அதுவும், ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் போட்ட கணக்கும் தனிக் கடிதத்துக்கு உரியவை.

இப்போதைக்கு நான் கேட்பது சிறியது. ஒவ்வொரு பெட்ரோல் குழாயின் மீதும் எத்தனால் சதவீதத்தைத் தமிழில் எழுத வேண்டும். ரசீதிலும் அச்சிட வேண்டும். இதற்கு எண்ணெய் நிறுவனங்களின் ஒரு சுற்றறிக்கை போதும். 20 சதவீதக் கலப்பைத் தாங்கும் பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கிய 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளில் எந்த மாடல் எந்த அளவு வரை தாங்கும் என்ற பட்டியலை, தயாரிப்பாளர்களிடம் பெற்று, போக்குவரத்து அமைச்சகம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கையேட்டில் 10 சதவீதம் வரை என்று அச்சிட்டு விற்றவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள் என்பதும் அதில் எழுத்துமூலம் இருக்க வேண்டும். தாலுகாவுக்கு ஒரு பங்க்கிலாவது 10 சதவீதக் கலப்பு கிடைக்க வழிசெய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நிலத்தடித் தொட்டிகளில் நீர்க்கசிவு இருக்கிறதா என்று பங்க்வாரியாகச் சோதித்து, சோதித்த தேதியை அங்கேயே எழுதிவைத்தால், மழைநாளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவரும் பங்க் ஊழியரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள வேண்டியிராது. தங்கள் நாளிதழ் இந்தக் கேள்விகளை எண்ணெய் நிறுவனங்களின் மாநில அலுவலகங்களிடம் நேரடியாகக் கேட்டு, வரும் பதிலை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
நாமக்கல்.