தோசைக்கல் சுவர்

ராஜிக்கு,

பொங்கலுக்கு அப்புறம் உனக்கு ஒரு வரி எழுதலை, போனையும் எடுக்கலை. திட்டு, வாங்கிக்கறேன். எடுத்திருந்தா ‘வீடு கட்டற வேலை எந்த மட்டுக்கு இருக்கு’ன்னு கேட்டிருப்ப, நான் அழுதிருப்பேன்.

நத்தம் ரோடு மனை தெரியுமில்ல, 1,800 சதுர அடி, மேற்குப் பார்த்தது. பிளான் போட ஒருத்தரைப் பிடிச்சோம். வாசல்ல ‘ஆர்க்கிடெக்ட்’னு பித்தளைப் பலகை, உள்ளே ஏசி, கம்ப்யூட்டர்ல சுத்திச் சுத்தி வர்ற வீடு. இவர் மயங்கிட்டார். இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸ். வந்த பிளான்ல ஹாலுக்குள்ள வெளிச்சம் வர வழியே இல்லை. சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தா காம்பவுண்ட் சுவர்ல இடிக்கும்.

சின்னவ மாப்பிள்ளை வக்கீலாச்சே, ‘அத்தை, அவரோட சிஏ நம்பர் என்ன?’ன்னார். நான் ஆடிட்டரைக் கேக்கறார்னு நினைச்சேன். சிரிக்காதடி. பதிவு பண்ணின ஆர்க்கிடெக்ட்டுக்கு கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் கொடுக்கற நம்பர் அப்படித்தான் தொடங்குமாம், நடுவுல வருஷம். அவங்க இணையதளத்துல தேடினோம், இந்த ஆள் பேரே இல்லை. 1972 சட்டப்படி பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கக் கூடாது. ஆனா அந்தத் தொழிலைச் செய்யத் தடையில்லைன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சாம். பலகைதான் தப்பு, பிளான் தப்பில்லை! கூத்தைக் கேட்டியா. அட்வான்ஸ் போனது போனதுதான்.

இப்ப ஒரு பொண்ணு வந்திருக்கா, அஞ்சு வருஷம் பி.ஆர்க். படிச்சவ, நம்பரோட. மே மாசம் மத்தியானம் மூணு மணிக்குத்தான் மனையைப் பார்ப்பேன்னு அடம். வந்ததும் பக்கத்து வீட்டு மேற்குச் சுவர்ல உள்ளங்கையை வெச்சா, என் கையையும் இழுத்து வெச்சா. தோசைக்கல்லுடி! ‘பெட்ரூம் ஜன்னலை இந்தப் பக்கம் வெச்சா ராத்திரி பத்து மணிக்கும் இந்தச் சூட்டோடதான் படுக்கணும் ஆன்ட்டி’ன்னா. மேற்குச் சுவரை ஒட்டி மாடிப்படியைப் போட்டு, அறையை உள்ளே தள்ளி, ஜன்னலைத் தெற்கே திருப்பிட்டா. வாஸ்துல சொல்ற தென்மேற்குக் கன்னி மூலையும் கைவிட்டுப் போகலை, இவருக்கு நிம்மதி.

ஆனாலும் பீஸைக் கேட்டதும் குதிச்சார். 2,500 சதுர அடிக்குள்ள மனைன்னா 2024லேருந்து விதிப்படிதான் கட்டறோம்னு நாமே சுயசான்று கொடுத்து ஆன்லைன்லயே அனுமதி வாங்கிடலாமே, நம்ம மேஸ்திரி போதாதான்னு. அந்த மேஸ்திரி நம்ம பாத்ரூம் வாட்டத்தை எந்தப் பக்கம் விட்டார்னு உனக்குச் சொல்லணுமா? பீஸை வேலை முடிய முடிய நாலு தவணையாத் தர்றோம், எத்தனை தடவை வந்து பார்க்கணும்னும் எழுதி வாங்கியாச்சு.

ஒண்ணு சொல்லணும். கீழ் பாத்ரூம் கதவை மூணு அடி போட்டிருந்தா, வாசல் படிக்குப் பக்கத்துல ஒரு சரிவு. ‘எதுக்கும்மா?’ன்னு இவர் கேட்டார். அவ பதிலே சொல்லலை, பென்சிலைச் சீவிக்கிட்டே இருந்தா. மறுநாள் காலைல பார்த்தா, பரண்லேர்ந்து எங்கம்மாவோட சக்கர நாற்காலியை இறக்கி, டேப் வெச்சு அளந்துக்கிட்டிருக்கார். நான் பார்க்காத மாதிரி காபி போடப் போயிட்டேன்.

வெள்ளிக்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டறோம். வந்துடு. அம்மியை எங்கே போடறதுன்னு இன்னும் முடிவாகலை, அதை மட்டும் கேட்டுடாதே.

சாந்தா