ஜிரோவை யாரும் தானமா குடுக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல 2025 ஜிரோ டி இடாலியா, அதாவது இத்தாலில மூணு வாரம் நடக்குற சைக்கிள் ரேஸ் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். சைக்கிள் ரேஸுக்கு தமிழ்ல ஒரு முழுப் பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா முன்னணில இருந்த டெல் டோரோவும் கரபாஸும் நீ துரத்து, நீ துரத்துன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துகிட்டே இருந்தாங்க, அந்த கேப்புல ரேஸ ஜெயிச்ச சைமன் யேட்ஸுக்கு அதிர்ஷ்டம் அடிச்சிருச்சுன்னு கட்டுரைய முடிச்சிருக்கீங்க பாருங்க, அத என்னால ஒத்துக்கவே முடியல. அன்னிக்கு ரேஸ கடைசி வரைக்கும் பாத்தவன்ங்கறதால எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

20வது ஸ்டேஜ் (ஒரு நாள் ரேஸ்தான் ஒரு ஸ்டேஜ்), மே 31. காலைல கிளம்பும்போது மெக்சிகோவோட ஐசாக் டெல் டோரோ பிங்க் ஜெர்சில (மொத்த நேரத்துல முன்னாடி இருக்கறவர் போடுறது) இருக்காரு, வயசு 21. ஈக்வடாரோட ரிச்சர்ட் கரபாஸ் 43 செகண்ட் பின்னாடி, யேட்ஸ் 1 நிமிஷம் 21 செகண்ட் பின்னாடி. மறுநாள் ரோம்ல பெருசா ஒண்ணும் நடக்காது, அதனால எல்லாம் இந்த ஒரு நாள்தான், அதுலயும் கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே மலைதான். 18.5 கிலோமீட்டர் ஏத்தம், சராசரியா 9 சதவீதத்துக்கு மேல, கடைசி எட்டு கிலோமீட்டர் கிட்டத்தட்ட தார் போடாத மண் ரோடு. கரபாஸோட டீம் அடிவாரத்துலயே வேகத்த ஏத்தி உடைச்சுது, கரபாஸ் அட்டாக் பண்ணாரு, டெல் டோரோ கூடவே போனாரு. யேட்ஸ் தன்னோட வேகத்துல வந்து அவங்கள புடிச்சாரு, அப்புறம் ஒரு தடவ, ரெண்டு தடவன்னு திரும்பத் திரும்ப அடிச்சு கடைசில தனியா போய்ட்டாரு. உச்சிய தாண்டும்போதே வித்தியாசம் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல, அதாவது ஜெர்சி கணக்குப்படி அப்பவே அவருதான் முன்னாடி. ஃபினிஷ்ல பாத்தா அஞ்சு நிமிஷத்துக்கு மேல!

இந்த ஒன்றரை எப்படி அஞ்சு ஆச்சுங்கறதுதான் கதையே. உங்க கட்டுரைல வவுட் வான் ஆர்ட்ங்கற பேரு ஒரு இடத்துல கூட இல்ல சார். காலைலயே முன்னாடி ஓடிப்போன பிரேக்அவே குரூப்புல யேட்ஸோட விஸ்மா டீம் அவர அனுப்பி வச்சிருந்தாங்க. அவ்ளோ பெரிய உடம்ப வச்சுகிட்டு ஃபினெஸ்ட்ரேய ஏறி முடிச்சு, ஸ்டேஜ் ஜெயிக்கிற ஆசையெல்லாம் விட்டுட்டு யேட்ஸுக்காக காத்திருந்தாரு. (ஸ்டேஜ அதே குரூப்புல இருந்த கிறிஸ் ஹார்ப்பர் ஜெயிச்சாரு.) செங்குத்தான மலைல மெதுவாதான் போக முடியும், அங்க ஒருத்தர் பின்னாடி ஒட்டிகிட்டு போறதுல பெரிய லாபம் இல்ல. ஆனா இறங்கினதுக்கப்புறம் ஃபினிஷ் இருக்குற செஸ்ட்ரியேரேக்கு போற ரோடு லேசான ஏத்தம்தான், சராசரி நாலு சதவீதம் கூட வராது, அங்க வேகம் ஜாஸ்தி, காத்துதான் எதிரி. அங்க தனியா போற ஒல்லியான மலையேறி செத்தாரு. யேட்ஸ் அங்க தனியா இல்ல, உலகத்துலயே பெஸ்ட் ரவுலர்ல (சமமான ரோட்ல ரொம்ப நேரம் வேகமா ஓட்டுறவங்க) ஒருத்தர் அவருக்கு முன்னாடி காத்த கிழிச்சுகிட்டு போறாரு. இத அதிர்ஷ்டம்னா எப்படி சார், இது காலைல பஸ்ல உக்காந்து போட்ட பிளான். இன்னொன்னு, 9வது ஸ்டேஜ்ல சியனால டெல் டோரோ பிங்க் ஜெர்சிய மொத மொத போட்டாரே, அன்னிக்கு அவர தோக்கடிச்சு ஸ்டேஜ ஜெயிச்சதும் இதே வான் ஆர்ட்தான்.

இப்ப அந்த முறைச்சுகிட்ட விஷயம். பாக்க கடுப்பாதான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா அவங்கவங்க இடத்துல இருந்து யோசிங்க. கரபாஸ் முன்னாடி போய் காத்த வாங்கிகிட்டு இழுத்தா டெல் டோரோ பின்னாடியே சும்மா உக்காந்து வந்து ஜெர்சிய காப்பாத்திக்கலாம். டெல் டோரோ இழுத்தா செஸ்ட்ரியேரேல கரபாஸ் புதுசா கெளம்பி அடிச்சு 43 செகண்ட எடுத்துடலாம். ரெண்டு பேருக்கும் காரணம் இருக்கு. என்னோட கருத்து, ஜெர்சி போட்டவருக்குத்தான் இழக்க நெறைய இருந்துச்சு, அதனால டெல் டோரோதான் இழுத்திருக்கணும், ரெண்டாவது இடமாவது நிச்சயம்ங்கற கணக்குல உக்காந்தது தப்பு. ஆனா அந்தப் பழிய 21 வயசுப் பையன் தலைல மட்டும் கட்டுறது எனக்கு மனசுக்கு ஒப்பல, காதுல ரேடியோ இருக்கு, பின்னாடி கார்ல அனுபவமுள்ள டைரக்டர்கள் இருக்காங்க.

கரபாஸ் விஷயத்துல எனக்கு ஆச்சரியமே வேற. 2019 ஜிரோவ அவரு ஜெயிச்சதே இப்படித்தான். குர்மேயர் ஸ்டேஜ்ல போட்டியாளர்கள் நிபாலியும் ரோக்லிச்சும் ஒருத்தர ஒருத்தர் காவல் காத்துகிட்டு இருந்தப்ப இவரு நைஸா கெளம்பி பிங்க் ஜெர்சிய வாங்கி அந்த வருஷம் ரேஸ் முடிஞ்ச வெரோனா வரைக்கும் போட்டுகிட்டுப் போனாரு. அதுக்கு முந்தின வருஷம், 2018ல, இதே ஃபினெஸ்ட்ரேல ஃப்ரூம் 80 கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போதே தனியா போனப்ப பின்னாடி துரத்துன குரூப்புலயும் கரபாஸ் இருந்தாரு, அவருக்கும் லோபஸுக்கும் வெள்ளை ஜெர்சிக்கு (இளம் வீரர்கள்ல முன்னாடி இருக்கறவருக்கு) சண்ட, அதனால ரெண்டு பேரும் இழுக்கல, ஃப்ரூமோட போட்டியாளர் டுமூலான் கெடந்து தவிச்சாரு, கடைசில அவருக்கு 46 செகண்ட்ல ஜிரோவே போச்சு. துரத்துற குரூப் ஒத்துமையா இல்லன்னா என்ன ஆகும்னு இந்த மனுஷனுக்கு தெரிஞ்ச அளவுக்கு அன்னிக்கு ரோட்ல வேற யாருக்கும் தெரியாது.

அதே 2018 ஜிரோதான் யேட்ஸுக்கும் பாடம். 13 நாள் பிங்க் ஜெர்சி, மூணு ஸ்டேஜ் வெற்றி, ஒவ்வொரு செகண்டையும் பொறுக்கிகிட்டே போனாரு. மூணாவது வாரத்துல ப்ராடோ நெவோசோல லேசா தடுமாறுனாரு, மறுநாள் ஃபினெஸ்ட்ரேல மொத்தமா கவுந்து 38 நிமிஷத்துக்கு மேல விட்டாரு. மூணு வார ரேஸ்ல ஃபார்ம்ங்கறது இதுதான், மொத வாரத்துல செலவழிச்சது மூணாவது வாரத்துல திரும்பி வராது. 2025ல பாருங்க, ஒரு ஸ்டேஜ் கூட ஜெயிக்கல, பெருசா அட்டாக் பண்ணல, போரடிக்கிறாருன்னு நெறைய பேரு சொன்னாங்க. காலெல்லாம் அந்த ஒரு மலைக்காக சேத்து வச்சிருக்காருன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது, ஃபினெஸ்ட்ரேய ஒரு மணி நேரத்துக்குள்ள ஏறி முடிச்சாரு! கடைசி கணக்குல டெல் டோரோவ விட 3 நிமிஷம் 56 செகண்ட் முன்னாடி. பின்னாடி ரெண்டு பேரும் மொத நிமிஷத்துல இருந்தே ஒத்துமையா இழுத்திருந்தா கூட அந்த மலைல அவர புடிச்சிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள் சார். டூர் டி ஃப்ரான்ஸ் பத்தி எழுதும்போது முதல் மூணு பேரு டைமோட நிறுத்தாதீங்க. அன்னிக்கு முன்னாடி போன குரூப்புல எந்த டீம் யார அனுப்பிச்சு, எங்க காத்திருக்க வச்சாங்கன்னு நாலு வரி சேத்துப் போடுங்க, வான் ஆர்ட் மாதிரி ஆளுங்க பேரு ரிசல்ட் பட்டியல்ல ரொம்ப கீழதான் இருக்கும், நீங்க எழுதலன்னா புதுசா படிக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அன்புடன்,
உங்கள் நீண்ட நாள் வாசகன்