உங்கள் ஆத்தாவின் அவரை

அன்புள்ள தங்கமணி,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. பேத்தி காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று 5 மாதமாகப் போனை எடுக்காமல் இருக்கிறாய். இதைப் படித்த பிறகும் எடுக்காவிட்டால் நீ தங்கமணி இல்லை, பழைய மிலிட்டரியேதான்.

உங்கள் ஆத்தாவின் அவரை காய்த்துவிட்டது.

ஆமாம், அதேதான். பட்டையாக, ஓரத்தில் மட்டும் ஊதா ஓடின காய். என் கல்யாணத்தன்று முந்தானையில் முடிந்து கொடுத்தார்களே, அந்த விதை. உன் தம்பி தோட்டத்தை விற்றபோது பந்தலோடு போய்விட்டது என்று அழுதாய். நான் வைத்திருப்பேன் என்று நம்பிக்கொண்டிருந்தாய். போர் வற்றின வருஷமே என்னிடமும் அற்றுப்போனதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன ஆனியில் அட்டாலியைச் சுத்தம் செய்தபோது ஒரு சட்டிக்குள் செம்மண் கட்டின விதை கிடந்தது. உதிர்த்துப் பார்த்தால் 11. ஐந்தில் வண்டு துளை. மீதி ஆறை ஆடிப் பதினெட்டு கழித்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் ஊன்றினேன். 4 முளைத்தன.

அதே வாரம் எங்கள் வீட்டுக்காரர் கடையில் செடி அவரை விதை வாங்கிவந்து எதிர்ச் சுவரோரம் போட்டார். அது முழங்கால் உயரத்திலேயே பூத்துக் காய்த்துவிட்டது. நம்முடையது முருங்கை மரமெல்லாம் ஏறி வெறும் இலையாக நின்றது. “உன் சிநேகிதி மாதிரியே, ஆள்தான் பெரிசு” என்று தினமும் கேலி. அவருக்கு என்ன தெரியும்? கடைச் செடி எந்தப் பட்டத்திலும் பூக்கும்படி உண்டாக்கினது. இது பகல் சுருங்கினால்தான் பூக்கும். பனி இறங்காமல் அவரை வாய் திறக்காது என்று ஆத்தா சொன்னது அதைத்தான். கார்த்திகை தீபத்துக்கு முதல் மொட்டு. உடனே அசுவினிப் பூச்சியும் வந்தது. விடியற்காலை பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பல் தூவித் தூவியே சமாளித்தேன்.

விதைக்கென்று நல்ல கொத்துகளாகப் பார்த்துச் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். பொங்கலுக்கு ஒறம்பரை வந்தார்கள். எங்கள் நங்கையா காலையில் எழுந்து, கூட்டு வைக்கலாம் என்று கைக்கு எட்டினதையெல்லாம் பறித்துவிட்டார்கள். நூல் கட்டினதையும் சேர்த்து! நூலை மட்டும் அவிழ்த்து ஜன்னலில் பத்திரமாக வைத்திருந்தார்கள். நான் பேயாட்டம் ஆடினேன். அப்புறம் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன், மறைப்பானேன்? அந்த வாசனை வந்ததும் உங்கள் சமையல்கட்டும், ஆத்தா விறகைத் தள்ளிவிட்டு நம்மைப் பார்த்த பார்வையும் வந்து நின்றன தங்கமணி. அதற்குமேல் இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டேன்.

நல்லவேளை, முருங்கை உச்சியில் 3 கொத்து யார் கைக்கும் எட்டவில்லை. காய் பழுப்பேறி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை விட்டு, நேற்று இறக்கினேன். மொத்தம் 23 விதை. வண்டு அடிக்கும் முன்னே செம்மண் கட்டிவிட்டேன்.

இப்போது தூக்கம் கெடுவது வேறொன்றால். அவரை பெரும்பாலும் தன் பூவிலேயே தான் சூல் பிடிக்கும். ஆனால் அந்தக் கருவண்டு இருக்கிறதே, கடைச் செடிக்கும் நம் கொடிக்குமாக நாளெல்லாம் போய்வந்தது. கலந்திருந்தால் இப்போது தெரியாது. அடுத்த விதைப்பிலும் ஒளிந்திருந்து, அதற்கடுத்ததில்கூடத் தலைகாட்டலாம். அவரிடம் சொன்னால் “காய் காய்தானே” என்கிறார். அவர் பக்கத்து அவரையை வரும் ஆடிக்கு ஊன்ற விடமாட்டேன், சண்டை வந்தால் வரட்டும். உன்னிடம் வேறு மாதிரி காய்த்தால் சாப்பிட்டுவிடு, அதில் விதை எடுக்காதே.

ஏழாவது மாடியில் ஏது பந்தல் என்று சாக்குச் சொல்லாதே. பெரிய தொட்டியும் பால்கனிக் கம்பியும் போதும். ஆடியில் ஊன்று. நாலு மாதம் வெறும் இலையாக நிற்கும், பிடுங்கிவிடாதே.

அன்புடன்,
சரசு

பொட்டலத்தை மெதுவாகப் பிரி. 8 விதைதான் இருக்கிறது.