வெளியே நிற்கும் பையன்

அன்புள்ள கயல்,

நேற்று நீ சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதான் எழுதுகிறேன்.

உன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே கூடிப் பேசி, கைதூக்கி, வகுப்புக்கு விதி போட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் காலத்தில் விதி என்றால், லீடர் கரும்பலகை ஓரத்தில் எழுதும் 'பேசியவர்கள்' பட்டியல்தான்; பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகளோடு. ஆனால் லேட்டாக வருபவர் முதல் பீரியட் முழுக்க வெளியே நிற்க வேண்டும் என்பதையும் ஒத்துக்கொண்டு, "அவங்களே போட்டதும்மா, நான் என்ன பண்றது" என்றாயே, அங்கேதான் இடிக்கிறது.

நானும் இப்படிச் சொன்னவள்தான். 1996இல் சுற்றுலா எங்கே என்று வகுப்பையே முடிவு செய்யச் சொன்னேன். மாமல்லபுரத்துக்கு 31 கை. தலைக்கு 80 ரூபாய். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், டூர் வராதவங்க அன்னிக்கு ஸ்கூலுக்கு வரணுமா?" என்றாள். வரணும் என்றேன். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பஸ் கிளம்பிய காலை, யூனிஃபார்மும் புத்தகப் பையுமாகக் கேட்டருகே நின்றிருந்தாள். டாட்டா வேறு காட்டினாள். பிள்ளைகள் கைதான் தூக்கினார்கள். அந்தக் கேள்வியைக் காதில் வாங்க வேண்டியவள் நான்.

ஏ. எஸ். நீல் 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் பள்ளி இன்றும் இங்கிலாந்தில் நடக்கிறது. அங்கே பள்ளிக் கூட்டத்தில் வாண்டுக்கும் ஒரு ஓட்டு, அவருக்கும் ஒரு ஓட்டு. அவர் கொண்டுவந்த யோசனைகளே தோற்றிருக்கின்றன. அப்படிப்பட்டவரும் பிள்ளைகளின் பாதுகாப்பை ஓட்டுக்கு விடவில்லை. நம் ஊரிலும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. வகுப்பே கைதூக்கினாலும் அது மாறாது. பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக ஒருவருடைய அடிப்படை உரிமையில் கைவைக்க முடியுமா? குடிமையியல் பாடத்தில் நடத்துவதை இந்த விதியை வைத்தே நடத்தேன்.

விதியை நீயாக அழிக்காதே. அவர்களே திரும்பக் கூடிப் பேசட்டும். அதுவரை பையன் உள்ளே உட்காரட்டும். அதற்கு ஓட்டு வேண்டாம், நீ சொன்னால் போதும்.

அப்புறம், தினமும் ஒரே பையன்தான் நிற்கிறான் என்றாயே. காலையில் அவனுக்கு வீட்டில் என்ன வேலை என்று கேட்டாயா? கேட்டு எழுது.

அம்மா