குந்தாவில் நீர் ஏற்ற எந்த நேரத்து மின்சாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கரியின் காலம் முடிந்துவிட்டது என்று சென்ற இதழ்க் கட்டுரை அடித்துச் சொல்கிறது. அப்படி இல்லை; நீலகிரியில் வரும் குந்தா நீரேற்று மின் திட்டம்கூட எந்த நேரத்து மின்சாரத்தில் நீர் ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தே நிலக்கரியைக் குறைக்கும் என்பதே என் வாதம். இந்தியாவின் நிறுவு திறனில் (மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து தரக்கூடிய உச்ச அளவில்) பாதி 2025 நடுவிலேயே புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது என்பது அதன் சான்று. நிறுவு திறன் வேறு, உற்பத்தி வேறு. 1 மெகாவாட் சூரியத் தகடு ஆண்டுக்கு 16, 17 லட்சம் யூனிட் தரும். அதே 1 மெகாவாட் அனல் மின் நிலையம் 70 சதவீதம் ஓடினாலே 60 லட்சத்தைத் தாண்டும். அதனால்தான் நம் மின் உற்பத்தியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது.

உலகக் கணக்கும் இதே கதைதான். நிலக்கரிப் பயன்பாடு 2013-லேயே உச்சம் தொட்டாயிற்று என்றார்கள். 2022-இல் அது பொய்த்தது. 2024-இல் உலகம் எரித்தது ஏறத்தாழ 880 கோடி டன், அதில் பாதிக்கு மேல் சீனாவில். பிரிட்டன் 2024 செப்டம்பர் 30-இல் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடியது உண்மை. ஆனால் அங்கே இருட்டிய பிறகு கைகொடுக்க எரிவாயு இருந்தது. நமக்கு அது போதிய அளவில் இல்லை. சர்வதேச எரிசக்தி முகமையே வரும் ஆண்டுகளுக்குச் சொல்வது ஏறத்தாழ இதே அளவில் நிற்கும், மெல்லத்தான் இறங்கும் என்பதே; பெரும் சரிவு அல்ல.

சிக்கல் சூரியன் மறையும் மாலை 6 மணிக்குத் தொடங்குகிறது. மேட்டூர் அனல் மின் நிலையத்தில் உள்ளதுபோன்ற 210 மெகாவாட் இயந்திரத்தை 55 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 115 மெகாவாட்டுக்குக் கீழே இறக்கினால் உலையில் சுடர் நிலைப்பது கடினமாகும், எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டிவரலாம். அடியோடு நிறுத்தினால் குளிர்ந்த கொதிகலனை மீண்டும் ஏற்றப் பல மணி நேரம் பிடிக்கும். அடிக்கடி சூடும் குளிரும் பட்டால் குழாய்கள் வெடிப்பு விட்டு ஒழுகும். ஆகவே மாலைத் தேவைக்காக, சூரிய மின்சாரம் வழியும் நண்பகலிலும் நிலக்கரி எரிந்துகொண்டேயிருக்கிறது.

இதற்கு விடை எங்கள் மலையில் எழுந்துவருகிறது: காட்டுக்குப்பையில் 4 இயந்திரங்களுடன் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம். உபரி மின்சாரத்தில் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவையான நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது. மேல் அணை போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி–எமரால்டு. 1932 முதல் ஓடும் பைக்காரா நீர்மின் நிலையத்தின் பெல்டன் சக்கரத்தை (பீச்சும் நீர் அடித்துச் சுழலும் சக்கரம்) திருப்பிச் சுற்றினால் நீர் மேலே ஏறாது. இங்கே இருபுறமும் சுற்றும் பிரான்சிஸ் வகை வருகிறது; ஒருபுறம் சுற்றினால் மின்சாரம் தரும், மறுபுறம் சுற்றினால் நீரை ஏற்றும். ஆனால் இது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, நேரம் மாற்றித் தருகிறது. 100 யூனிட் கொடுத்தால் 75 முதல் 80 வரை திரும்பும்.

கணக்கு இப்படி. 500 மெகாவாட் 6 மணி நேரம் ஓடினால் 30 லட்சம் யூனிட். அதற்கு நீர் ஏற்ற 40 லட்சம் யூனிட் வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால், மாலையில் மிச்சமாவது 2,100 டன். பகலில் உபரிச் சூரிய மின்சாரத்தில் ஏற்றினால் அது முழுவதும் லாபம். இரவு 12 மணிக்கு அனல் மின்சாரத்தில் ஏற்றினாலோ 2,800 டன் எரியும். மலையைக் குடைந்து இவ்வளவு செய்தும் தினம் 700 டன் கூடுதல். பழைய வழக்கப்படி நள்ளிரவு மின்சாரம் மலிவு என்று அதில் ஏற்றத்தான் முதலில் கை போகும், அதுதான் பயம்.

  

இன்னொன்று வண்டல். கேரட், உருளைப் பாத்திகளைச் சரிவோடு இறக்கிப் போடுவதால் மழைதோறும் மேல்மண் அணைக்கு வருகிறது. அந்த மணல் இயந்திரத்தின் வழிகாட்டி இதழ்களையும் (நீரைச் சக்கரத்துக்குத் திருப்பும் தகடுகள்) கசிவைத் தடுக்கும் சீல்களையும் அரித்து இடைவெளி விடும். நீர் கசியும், திறன் குறையும். 75 என்பது 70 ஆனால் 40 லட்சம் யூனிட் 43 லட்சமாகும். எனவே நீரேற்றும் நேரத்தைப் பகலுக்கு என்று இயக்க விதியிலேயே எழுதி, எந்த மணியில் எத்தனை யூனிட் ஏற்றினார்கள் என்பதை மின் வாரியம் தினம் வெளியிட வேண்டும். மேல் சரிவுகளில் குறுக்கு வரப்பு போடும் விவசாயிக்கு அதன் செலவைத் திட்டக் கணக்கிலிருந்தே கொடுக்கலாம். தூர்வாருவதைவிட அது குறைவாகவே ஆகலாம்.

இப்படிக்கு,
மின் பொறியாளர்,
மஞ்சூர், நீலகிரி